வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏ.ஐ. துணையுடன் 3 நிமிடப் பாட வீடியோ

பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று சொல்லித்தான் பெரும்பாலான வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைகிறது. சில வாரங்களில் அது பாட்டுக் கேட்கவும், ரயில் டிக்கெட் எடுக்கவும், மின் கட்டணம் கட்டவும் மட்டும் என்று ஆகிவிடுகிறது. பிள்ளைகள் அதில் பாட வீடியோக்களைப் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதே கம்ப்யூட்டரில் நாமே பாட வீடியோ ஒன்றைத் தயாரிக்க முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கேமரா வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம், பணம் கொடுத்து சாப்ட்வேர் வாங்கவும் வேண்டாம். விண்டோஸ் 11 உள்ள சாதாரண கம்ப்யூட்டர், இணைய இணைப்பு, ஒரு மாலைப் பொழுது ஆகியவை போதும்.

இந்த வேலையில் ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர்கள் எங்கு உதவும், எங்கு நம்மை ஏமாற்றும் என்பதை ஓர் உண்மையான பாடத்தைக் கொண்டே பார்க்கலாம். அதற்கு நான் எடுத்துக் கொண்டது பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி. "பவுர்ணமி மாதந்தோறும் வருகிறதே, சந்திர கிரகணம் மட்டும் ஏன் மாதந்தோறும் வருவதில்லை?"

நாம் ஏன் தயாரிக்க வேண்டும்?

இணையத்தில் இல்லாத பாட வீடியோவா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது 2004ஆம் ஆண்டு. 2006ல் அவர் யூடியூபில் வீடியோக்களைப் பதியத் தொடங்கினார். அதுவே கான் அகாடமி என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. தமிழகத்திலும் 2018ல் வந்த புதிய பாடநூல்களில் வீடியோக்களைத் திறக்கும் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது.

இவை எல்லாம் எல்லோருக்கும் பொதுவானவை. உங்கள் பிள்ளைக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்பது உங்களுக்கும் வகுப்பு ஆசிரியருக்கும்தான் தெரியும். அந்த ஓர் இடத்தை மட்டும், அந்தப் பிள்ளைக்குப் பழக்கமான தமிழில் விளக்கும் 3 நிமிட வீடியோ, அரை மணி நேரப் பொது வீடியோவைக் காட்டிலும் அதிகம் பயன்படும். கல்லூரி மாணவர்கள் தங்கை, தம்பிக்காகவும், டியூஷன் எடுப்பவர்கள் தங்கள் மாணவர்களுக்காகவும் இதைச் செய்யலாம்.

ஏன் 3 நிமிடம்?

எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் வீடியோக்களை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை பிலிப் குவோ என்பவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2014ல் வெளியிட்டனர். சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அவர்கள் அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் நிலைத்திருக்கும் நேரம் பெரும்பாலும் 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று தெரிந்தது. அவர்கள் வயது வந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் பாதியை வைத்துக் கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் இரண்டு கேள்விகளை ஒரே வீடியோவில் திணிக்கிறோம் என்று பொருள். அதை இரண்டாகப் பிரித்து விடுங்கள்.

முழு வீடியோவையும் ஏ.ஐ.யிடமே விட்டுவிடலாமா?

விடலாம். அதற்கான வசதிகளும் இருக்கின்றன. நாம் எழுதிக் கொடுக்கும் வரிகளைக் கொண்டு அசையும் படத்தையே உருவாக்கும் சாப்ட்வேர்கள் வந்துவிட்டன. 2025 மே மாதம் கூகுள் அறிமுகப்படுத்திய வியோ 3, ஒலியுடன் கூடிய 8 நொடிக் காட்சிகளை உருவாக்கியது. அதே நிறுவனத்தின் நோட்புக் எல்எம் என்ற தளம் வேறு வகை. அதில் பாடப் பகுதியை ஏற்றினால், அதிலிருந்தே படங்களும் பேச்சும் கொண்ட ஒரு விளக்க வீடியோவைத் தயாரித்துத் தரும் வசதி 2025 ஜூலையில் வந்தது. அடுத்த மாதமே அது 80 மொழிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

இவற்றை முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மொத்தமாகச் செய்து தரப்படும் வீடியோவில் 1 நிமிடம் 40 நொடியில் ஒரு தவறு இருந்தால், அந்த இடத்தை மட்டும் திருத்துவது கடினம். மறுபடியும் முழு வீடியோவையும் உருவாக்கச் சொல்ல வேண்டும். அப்போது பழைய தவறு போய்ப் புதிய தவறு வரலாம். எனவே வேலையை நான்காகப் பிரித்துக் கொள்வோம். வசனம், சோதனை, படம், குரல். ஒவ்வொன்றிலும் ஏ.ஐ.யின் உதவியைப் பெற்று, ஒவ்வொன்றையும் நாமே திருத்துவோம். இந்த வழியில் எந்த வரியையும் எந்தப் படத்தையும் தனியாக மாற்ற முடியும்.

1. வசனம் எழுதுதல்

முதலில் தமிழில் டைப் செய்ய வழி வேண்டும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் என்ற பிரிவில் லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் செல்லவும். அங்கு ஆட் எ லாங்குவேஜ் கிளிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுக்கவும். அதன் பிறகு விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறி மாறிச் செல்லலாம். டைப் செய்யப் பழக்கமில்லாதவர்கள் குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் உள்ள வாய்ஸ் டைப்பிங் மூலம் தமிழில் பேசியே எழுதலாம்.

அடுத்து ஜெமினி அல்லது சாட் ஜிபிடி தளத்தைத் திறக்கவும். இரண்டிலும் இலவசப் பயன்பாடு உண்டு. "கிரகணம் பற்றி வீடியோவுக்கு எழுது" என்று மட்டும் கேட்டால், கட்டுரைப் போட்டிக்கு எழுதியது போன்ற ஒன்றுதான் கிடைக்கும். யாருக்கு, எவ்வளவு நீளம், எந்த நூலை ஒட்டி என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, இப்படிக் கேட்கலாம்.

"தமிழ் வழியில் 7ஆம் வகுப்பு படிக்கும் மாணவர்களுக்கு 3 நிமிட வீடியோ தயாரிக்கிறேன். கேள்வி ஒன்றே ஒன்று: பவுர்ணமி மாதந்தோறும் வரும்போது சந்திர கிரகணம் ஏன் மாதந்தோறும் வருவதில்லை? இத்துடன் பாடப் பகுதியை இணைத்துள்ளேன். அதில் உள்ள கலைச்சொற்களையே பயன்படுத்தவும். மாணவர்கள் பொதுவாக நம்பும் தவறான விளக்கத்தை முதலில் சொல்லி, அது ஏன் தவறு என்று காட்டவும். மொத்தம் 6 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 50 சொற்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பகுதிக்கும் என்ன படம் வேண்டும் என்று ஒரு வரியில் குறிப்பிடவும். பாடப் பகுதியில் இல்லாத தகவலைச் சேர்த்தால் அதைத் தனியாகச் சுட்டிக் காட்டவும்."

கடைசி வரி முக்கியம். ஏ.ஐ. தானாகச் சேர்த்தது எது என்று தெரிந்தால் நம் சோதனை எளிதாகும். அதற்காக அது சுட்டிக் காட்டியது மட்டும்தான் புதியது என்று நம்பிவிடவும் கூடாது.

தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் பி.டி.எப். பைல்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. பல தமிழ் பி.டி.எப். பைல்களில் வரிகளைக் காப்பி செய்து ஒட்டினால் புரியாத எழுத்துகளாக வரும். பழைய வகை எழுத்துருவில் அச்சுக் கோக்கப்பட்டதுதான் இதற்குக் காரணம். கவலைப்பட வேண்டாம். விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி அந்தப் பகுதியைப் படமாக எடுத்து, அந்தப் படத்தையே ஏ.ஐ.யிடம் கொடுக்கவும். படத்தில் உள்ள தமிழ் எழுத்துகளை இவை படித்துக் கொள்கின்றன.

நீளத்தைச் சரிபார்க்கக் கடிகாரத்தை வைத்துக் கொண்டு உரக்கப் படியுங்கள். நிதானமாகப் படித்தால் நிமிடத்திற்குச் சுமார் 100 சொற்கள் வரும். 3 நிமிடத்திற்கு 300 சொற்கள் போதும். படிக்கும்போது நாக்குத் தடுக்கும் வரிகளை வெட்டி இரண்டாக்கவும். "இதன் விளைவாக நிகழ்த்தப்படுகிறது" போன்று யாரும் வீட்டில் பேசாத வரிகளை நீக்கவும். ஏ.ஐ. எழுதும் தமிழில் இத்தகைய வரிகள் நிறைய வரும்.

2. சோதனை: இதைத் தவிர்க்கவே கூடாது

சாப்ட்வேர் நிறுவனங்களில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராம் எழுதியவரே அதைச் சோதித்து முடிவு சொல்ல விட மாட்டார்கள். வேறொருவர் சோதிப்பார். எழுதியவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது என்பதே காரணம். ஏ.ஐ. எழுதிய பாடத்தையும் அப்படித்தான் நடத்த வேண்டும். "நீ எழுதியது சரிதானா?" என்று அதனிடமே கேட்டு "சரிதான்" என்ற பதிலைப் பெறுவது சோதனை ஆகாது.

நம் பாடத்தில் எங்கெல்லாம் தவறு நுழையலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, பிறைக்கான காரணம். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்ந்து பிறையாகத் தெரிகிறது என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடிக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவுதான் நமக்குத் தெரிகிறது. பூமியின் நிழல் நிலாவின் மீது விழுவது கிரகணத்தின்போது மட்டுமே. இது படிக்காதவர்களின் குழப்பம் என்று எண்ண வேண்டாம். 1987ல் வெளிவந்த ஏ பிரைவேட் யுனிவர்ஸ் என்ற ஆவணப்படத்தில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் என 23 பேரிடம் பருவ காலங்கள் அல்லது பிறைகளுக்கான காரணத்தைக் கேட்டார்கள். 21 பேர் தவறாக விளக்கினார்கள். இவ்வளவு பரவலான தவறு இணையத்திலும் பரவிக் கிடக்கும். இணையத்தைப் படித்துப் பழகிய ஏ.ஐ.யின் பதிலுக்குள்ளும் அது எளிதாக வந்துவிடும்.

இரண்டாவது, வரிசை. சந்திர கிரகணத்தில் சூரியன், பூமி, நிலா என்பதே வரிசை. சூரிய கிரகணத்தில் நிலா நடுவில் வரும். வசனத்தில் சரியாக எழுதிவிட்டு, படக் குறிப்பில் மாற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, எண்கள். பூமியின் விட்டம் சுமார் 12,742 கி.மீ. நிலாவின் விட்டம் சுமார் 3,474 கி.மீ. இரண்டுக்கும் இடையே சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. பூமி சூரியனைச் சுற்றும் தளத்திற்கு நிலாவின் பாதை ஏறக்குறைய 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. வசனத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் வட்டமிட்டு, பாடநூல் அல்லது நாசா போன்ற நம்பத்தகுந்த தளத்துடன் ஒப்பிடவும்.

நான்காவது, கலைச்சொற்கள். நிலாவின் பாதை பூமியின் பாதைத் தளத்தைக் கடக்கும் இரண்டு இடங்களுக்கு, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து ஏதோ ஒரு சொல்லை ஏ.ஐ. போட்டுவிடும். பாடநூலில் உள்ள சொல்லையே வைத்துக் கொள்ளுங்கள். நம் பஞ்சாங்கங்களில் வரும் ராகு, கேது என்பவை வானியல் கணக்கில் இந்த இரண்டு இடங்கள்தான் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

3. படங்கள்

படம் வரைவதில்தான் ஏ.ஐ.யின் அழகும் ஆபத்தும் ஒன்றாக வரும். கிரகணப் படம் கேட்டால் கண்ணைப் பறிக்கும் படம் வரும். ஆனால் அதில் பூமியும் நிலாவும் ஏறக்குறைய ஒரே அளவில், அருகருகே நிற்கும். உண்மை அளவு அப்படி இல்லை. நம் கேள்விக்கான விடையே அந்த அளவில்தான் இருக்கிறது.

இதற்கு ஏ.ஐ.யே தேவையில்லாத ஒரு படம் இருக்கிறது. பள்ளிப் பையில் உள்ள 30 செ.மீ. ஸ்கேலை மேஜை மேல் வைக்கவும். ஒரு முனையில் சுமார் 1 செ.மீ. உள்ள ஊறிய கொண்டைக்கடலை ஒன்று. அது பூமி. மறு முனையில் ஒரு பெரிய கடுகு. அது நிலா. பூமியின் விட்டத்தைப் போல 30 மடங்கு தொலைவில் நிலா இருப்பதால் இந்த அளவு ஏறக்குறைய மிகச் சரியாக வரும். இந்த அளவில், கடுகு இருக்கும் இடத்தில் பூமியின் முழு நிழலின் அகலம் முக்கால் செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதால் கடுகு அந்த நிழலுக்கு மேலேயோ கீழேயோ இரண்டரை செ.மீ. வரை விலகிச் செல்லும். முக்கால் செ.மீ. நிழலை இரண்டரை செ.மீ. தள்ளிக் கடந்து போகும் கடுகின் மேல் எப்படி நிழல் விழும்? பெரும்பாலான பவுர்ணமிகளில் நடப்பது இதுதான். ஏறக்குறைய 6 மாதத்திற்கு ஒரு முறை, நிலா பாதைத் தளத்தைக் கடக்கும் சமயமும் பவுர்ணமியும் சேர்ந்து வரும்போது கிரகணம் நிகழ்கிறது. 2025 மார்ச் 14, 2025 செப்டம்பர் 7, 2026 மார்ச் 3, 2026 ஆகஸ்ட் 28 என்ற கிரகண நாட்களைப் பார்த்தாலே இந்த இடைவெளி விளங்கும்.

இந்த ஸ்கேலை மொபைல் போனில் ஒரு போட்டோ எடுத்து வீடியோவில் சேர்த்துவிடுங்கள். அசையும் ஏ.ஐ. காட்சியைவிட இது பிள்ளைகள் மனதில் நிற்கும். வீடியோ முடிந்ததும் சமையலறைக்குப் போய் அவர்களே செய்தும் பார்ப்பார்கள். நிலாவின் நிஜப் படங்கள் வேண்டுமானால் நாசா தளத்தில் கிடைக்கும். நாசா எடுத்த படங்கள் பெரும்பாலும் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாதவை.

மற்ற ஸ்லைடுகளுக்கு ஏ.ஐ. படங்களைப் பயன்படுத்தலாம். மொட்டை மாடியில் நின்று நிலாவைப் பார்க்கும் இரண்டு பிள்ளைகள் போன்ற படங்களில் அறிவியல் தவறு வர வாய்ப்புக் குறைவு. அப்போதும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவும். ஒன்று, படத்தில் சூரியனும் நிலாவும் இருந்தால், நிலாவின் ஒளிரும் பக்கம் சூரியனை நோக்கியிருக்க வேண்டும். இரண்டு, "படத்தில் எழுத்து எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிடவும். ஏ.ஐ. வரையும் படங்களில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறிப் போவது உண்டு. எழுத்தை நாமே ஸ்லைடில் சேர்க்கலாம்.

பவர்பாயிண்ட் இருந்தால் அதிலும், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் இம்ப்ரெஸ் சாப்ட்வேரிலும் 6 ஸ்லைடுகளை அமைக்கவும். தமிழ் எழுத்துக்கு விண்டோஸில் ஏற்கனவே உள்ள நிர்மலா யு.ஐ. எழுத்துரு போதும். வசனம் முழுவதையும் ஸ்லைடில் எழுதிவிட வேண்டாம். படத்தைப் பார்த்துக் கொண்டு விளக்கத்தைக் காதால் கேட்டால் நன்றாகப் புரிகிறது. அதே வரிகளைத் திரையிலும் ஓடவிட்டால் கவனம் சிதறுகிறது என்பது ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் பல சோதனைகளில் கண்டது. ஸ்லைடுக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். காது கேளாத மாணவர் பார்ப்பதாக இருந்தால் மட்டும் முழு வசனத்தையும் அடியில் தாருங்கள்.

பவர்பாயிண்டில் பைல் மெனுவில் சேவ் ஆஸ் தேர்ந்தெடுத்து, பைல் வகையாக பி.என்.ஜி. கொடுத்து, ஆல் ஸ்லைட்ஸ் என்பதைக் கிளிக் செய்யவும். ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனிப் படமாக ஒரு போல்டரில் சேர்ந்துவிடும்.

4. குரல் சேர்த்து வீடியோவாக்குதல்

முன்பு விண்டோஸுடன் வந்த மூவி மேக்கர் சாப்ட்வேரைப் பயன்படுத்தியவர்கள் அதைத் தேட வேண்டாம். மைக்ரோசாப்ட் அதை 2017 ஜனவரியில் விலக்கிக் கொண்டது. இப்போது விண்டோஸ் 11ல் கிளிப்சாம்ப் என்ற சாப்ட்வேர் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி இந்தப் பெயரை டைப் செய்தால் கிடைக்கும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் ஒன்று தேவைப்படும்.

இதில் எழுத்தைப் பேச்சாக்கும் வசதியும் உண்டு. கீழ்க்காணும் படி செயல்படவும்.

அ. கிரியேட் எ நியூ வீடியோ என்பதைக் கிளிக் செய்யவும். இம்போர்ட் மீடியா மூலம் 6 படங்களையும் உள்ளே கொண்டு வரவும்.

ஆ. முதல் படத்தை மவுஸால் இழுத்து, கீழே உள்ள டைம்லைன் பட்டையில் விடவும்.

இ. இடது பக்கம் ரெக்கார்ட் அண்ட் கிரியேட் பிரிவில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் தேர்ந்தெடுக்கவும். அப்டேட் வரும்போது இந்தப் பெயர்கள் சற்று மாறியிருக்கலாம். மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்து, முதல் பகுதியின் வசனத்தை ஒட்டி, சேவ் செய்யவும். மைக்ரோசாப்டின் தமிழ்க் குரல்களில் பெண் குரலுக்குப் பல்லவி என்றும் ஆண் குரலுக்கு வள்ளுவர் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஈ. குரல் பட்டையின் நீளத்திற்கு ஏற்பப் படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சமமாக்கவும். மற்ற 5 படங்களுக்கும் இதையே செய்யவும். ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனியாகக் குரல் எடுத்தால், பிறகு ஒரு வரியை மாற்ற வேண்டி வந்தாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிடலாம்.

உ. எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தி 720பி தேர்ந்தெடுக்கவும். மொபைல் போனில் பார்க்க இதுவே போதும். பைல் அளவும் சிறிதாக இருக்கும். எம்.பி.4 பைல் டவுன்லோட்ஸ் போல்டரில் வந்து சேரும்.

கம்ப்யூட்டர் குரலுக்கு வசனம் எழுதும்போது சில சிறு மாற்றங்கள் தேவை. "கி.மீ." என்று எழுதாமல் "கிலோ மீட்டர்" என்று முழுமையாக எழுதவும். 3,84,400 என்ற எண்ணை "மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூறு" என்று எழுத்தில் தரவும். தமிழில் ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. "பாவம்" என்ற சொல்லை எப்படி உச்சரிப்பது என்பதைச் சூழ்நிலை பார்த்துத்தான் நாம் முடிவு செய்கிறோம். கம்ப்யூட்டர் அங்கு தடுமாறலாம். உச்சரிப்புத் தவறும் சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் போடுவதே எளிய வழி.

இவ்வளவும் சொன்ன பிறகு என் யோசனை ஒன்று. முடிந்தால் உங்கள் குரலிலேயே பேசுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மொபைல் போனை ஒரு சாண் தொலைவில் வைத்துப் பதிவு செய்தால் போதும். அம்மாவின் குரலையோ தெரிந்த ஆசிரியரின் குரலையோ கேட்டால் பிள்ளைக்கு நெருக்கம் கூடும். கூச்சமாக இருப்பவர்களுக்கும், தொண்டை ஒத்துழைக்காதவர்களுக்கும் கம்ப்யூட்டர் குரல் இருக்கவே இருக்கிறது.

"புரிந்தது" என்று சொன்னால் போதுமா?

வீடியோவைப் பார்த்த பிள்ளை "நல்லா புரிஞ்சுது" என்று சொல்லும். அங்கேயே நின்றுவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் என்பவர் இயற்பியல் வீடியோக்களைப் பற்றி ஆராய்ந்து 2008ல் முனைவர் பட்டம் பெற்றார். சரியான விளக்கத்தை மட்டும் தெளிவாகச் சொல்லும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் "தெளிவாக இருந்தது, எளிதாக இருந்தது" என்றார்கள். ஆனால் தேர்வில் அவர்களுடைய மதிப்பெண் அதிகம் உயரவில்லை. மாணவர்களின் தவறான எண்ணத்தை முதலில் எடுத்துப் பேசிப் பிறகு திருத்திய வீடியோவைப் பார்த்தவர்கள் "குழப்பமாக இருந்தது" என்றார்கள். அவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். வழவழப்பான வீடியோவைப் பார்க்கும்போது, ஏற்கனவே தெரிந்ததையே சொல்வது போலத் தோன்றி, பழைய தவறான எண்ணம் அப்படியே மனதில் தங்கிவிடுகிறது.

தவறான விளக்கத்தை முதலில் சொல்லும்படி நாம் ஏ.ஐ.யிடம் கேட்டது இதற்காகத்தான். முதல் ஸ்லைடில் ஒரு பையன், "பூமியோட நிழல் விழறதாலதான் பிறை வருது" என்று சொல்லட்டும். இரண்டாவது ஸ்லைடில் அவன் தங்கை, "அப்போ சில நாள் சாயங்காலம் சூரியன் மறையறதுக்கு முன்னாடியே பிறை தெரியுதே, சூரியனும் நிலாவும் ஒரே பக்கம் இருக்கும்போது பூமியோட நிழல் எப்படி அங்க போகும்?" என்று கேட்கட்டும். பார்க்கும் பிள்ளையும் சேர்ந்து யோசிக்கும்.

வீடியோவைப் போடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதில்களை ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். வீடியோ முடிந்த பிறகு அதே மூன்றையும் கேளுங்கள். பிறை எப்படி உண்டாகிறது? கிரகணம் ஏன் மாதந்தோறும் வருவதில்லை? ஸ்கேலில் கடலையையும் கடுகையும் எங்கே வைப்பாய்? பதில் மாறவில்லை என்றால் மாற்ற வேண்டியது வீடியோவைத்தான். எந்தப் பகுதி என்று பார்த்து அதை மட்டும் மாற்றுங்கள். துண்டு துண்டாகச் செய்ததன் பயன் இப்போது தெரியும்.

வெளியே அனுப்பும் முன்

வீட்டுக்குள் வைத்துக் கொள்ளும் வீடியோ வேறு. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடும் வீடியோ வேறு. பாடநூலில் ஒரு படம் அச்சாகும் முன் பலர் அதைப் பார்க்கிறார்கள். நம் வீடியோவை அப்படி யாரும் பார்ப்பதில்லை. ஒரு முறை அனுப்பிவிட்டால், பலரும் டவுன்லோட் செய்து மற்றவர்களுக்கும் அனுப்பிவிடுவார்கள். தவறு தெரிந்து நாம் அழித்தாலும் அவர்களுடைய போனில் அது இருக்கும். 40 பிள்ளைகள் தவறான படத்தை மனதில் பதித்துக் கொண்டால் அதை அழிக்க ஆசிரியர் பல நாள் பாடுபட வேண்டும். எனவே அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் முதலில் காட்டி ஒப்புதல் பெறுங்கள். 3 நிமிட வீடியோ என்பதால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். பிள்ளைகளின் பெயர், போட்டோ, மதிப்பெண், பள்ளியின் பெயர் ஆகியவற்றை ஏ.ஐ. தளங்களில் ஏற்ற வேண்டாம். வசனம் எழுத இவை எதுவும் தேவையில்லை. சாட் ஜிபிடி போன்றவற்றிற்கு வயது வரம்பு உண்டு. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் அதைத் திறந்து கொடுக்காமல் நீங்களே இயக்குங்கள். ஓர் ஆசிரியரின் குரலையோ முகத்தையோ அவர் அனுமதி இல்லாமல் ஏ.ஐ. கொண்டு உருவாக்க வேண்டாம். யூடியூபில் பதிந்தால், உண்மை போலத் தோன்றும் ஏ.ஐ. காட்சிகள் இருப்பதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 முதல் இருக்கிறது. எங்கு போட்டாலும் கடைசி ஸ்லைடில் "வசனம், படங்களுக்கு ஏ.ஐ. உதவி பெறப்பட்டது, இன்னார் சரிபார்த்தார்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தவறு கண்டவர் யாரிடம் சொல்வது என்பதும் அதிலிருந்து தெரிந்துவிடும்.

முதல் வீடியோவுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கலாம். அதில் பாதி நேரம் சோதனைக்குப் போகும், போகட்டும். மூன்றாவது வீடியோவில் கை பழகிவிடும். இந்த வார இறுதியில் உங்கள் பிள்ளையிடம் "எந்தப் பாடத்தில் எந்த வரி புரியவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பாடத்தின் பெயரைச் சொன்னால் விடாதீர்கள். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் முதல் வீடியோவின் தலைப்பு.